இருபது டெரா நிலம்

ஏனுங்க, அந்தக் கூடைய இதுமேல வெச்சுப்போடாதீங்க. சித்த தள்ளி வெச்சுக்குங்க. இல்லீங்க, ஒடையற சாமான் ஒண்ணும் இல்லீங்க. சொல்லப்போனா உள்ள ஒண்ணுமே இல்லீங்க. ஆனாலும் சத்தியமங்கலம் போயிச் சேர்ற வரைக்கும் இந்தப் பொட்டிமேல ஒரு கீறல் விழக்கூடாதுங்க. விழுந்துச்சுன்னா அதையே சாக்காச் சொல்லி அவ தப்பிச்சுக்குவா.

யாருன்னா, சிவரஞ்சனின்னு ஒரு அம்மிணிங்க. நானும் அந்த அம்மிணியும் சரவணம்பட்டியில ஒரே கம்பெனி. இப்பப் பிரசவத்துக்கு சத்தியில அம்மா ஊட்டுக்கு வந்திருக்கறா. ஆம்பளப் பையனாமுங்க. குழந்தை பாக்கப் போறீங்களான்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. போன எடத்துல குழந்தையக் காட்டுனா பாக்காம இருக்க முடியாதுங்களே, அதனால காந்திபுரத்துல பஸ் ஏறும்போது சின்னதா ஒரு சொக்காய் எடுத்து வெச்சிருக்கறேன். அது வேற, இது வேறங்க. குழந்தை நம்மள என்ன பண்ணுச்சு. எனக்கு அவ மொகத்தைப் பாக்கோணும். நான் இந்தப் பொட்டிய அவ கையில குடுத்து, அவ தொறந்து பாக்கறப்ப அந்த மொகம் எப்படிப் போகுதுன்னு பாக்கோணும். அதுக்காகத்தான் லீவு போட்டுட்டு வந்திருக்கறேன்.

நீங்க பூ யாவாரங்களா? கூடை மணக்குதே. காலையில மல்லியக் கொண்டாந்து போட்டுட்டு வெறுங்கூடையோட திரும்பறீங்க. என்ற பேரு சென்னியப்பனுங்க. எங்க கம்பெனில கேமராப் படம், எக்ஸ்ரே, கல்யாண வீடியோ இதையெல்லாம் போட்டு வெக்கற பொட்டி பண்றோம். உள்ள டிஸ்க்கு. டிஸ்க்கை அப்படியே குடுத்தா ஒருத்தருக்கும் உபயோகமில்லீங்க. வெறுங்காடு, பொட்டல் நெலமாட்ட. அதோ சன்னல்ல பாருங்க, செவப்பும் மஞ்சளுமாக் கல்லு நட்டு சைட் போட்டிருக்கறான் பாருங்க. அந்த மாதிரிக் காட்டை அளந்து, கல்லு நட்டு, நம்பர் எழுதி, ரோடு விட்டுக் குடுத்தாத்தான் ஆளுக வந்து ஊடு கட்ட முடியும். டிஸ்க்குல கல்லு நடற புரோகிராமை நாங்க ஃபார்மேட் டூல்னு சொல்லுவோம். அந்த டூல் என்றதுங்க. அதாவது ஆபீஸோடது. ஆனா என்றதுங்க.

முன்னாடி எவனோ எழுதி வெச்சுட்டுப் போயிட்டான். காட்டை ஏக்கர்ல அளக்கற மாதிரி டிஸ்க்கை டெராபைட்டுல அளப்போமுங்க. அவன் காலத்துல பதினாறு டெராவுக்கு மேல ஒரு டிஸ்க்கு வரும்னு யார் கண்டாங்க? சைட் நம்பர் எழுத அவன் விட்ட எடம் அவ்வளவுதான். பதினாறைத் தாண்டுனா நம்பர் தீந்துரும். தீந்தா நிக்காதுங்க, அதுதான் வம்பு. மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சுக்கும். கடைசி சைட்டுக்காரன் ஊடு கட்டப் போனான்னா நேரா வந்து மொத சைட்டுக்காரன் பூசை ரூம்புமேல கட்டுவான். அதனால அந்த டூல் என்ன பண்ணும்னா, பதினாறோட வேலியப் போட்டு நின்னுக்கும். மிச்சக் காடு சும்மா கெடக்கும்.

என்ற மச்சினன் தங்கராசு அன்னூர்ல ஸ்டுடியோ வெச்சிருக்கறான். நாஞ்சொல்லி எங்க பொட்டிதான் வாங்குனான். இருபது டெரா. பதினாறுதான் காட்டுச்சு. ஊட்டுக்கு வர்றப்பெல்லாம் இதே பாட்டுதானுங்க. பந்தியில நாலு சொந்தபந்தம் ஒறம்பரைக்கு மத்தியில உக்காந்துக்கிட்டு, "மாமா, அந்த நாலு டெராவ உங்க கம்பெனி தின்னுப்போட்டுச்சா, நீங்களே தின்னுப்போட்டீங்களா"ம்பான். இலைக்கு முன்னாடி உக்காந்திருக்கற மனுசன்கிட்டக் கேக்கற கேள்விங்களா இது?

சரின்னு நான் எறங்குனேன். போன வருசம் சித்திரையில ஆரம்பிச்சேன், ஆவணி வரைக்கும் தலை நிமிரலை. நம்பர் எழுதற எடம் ஒண்ணு ரெண்டா இருந்தாப் பரவால்லீங்க. டூல் பூராவும் எறைஞ்சு கெடக்குது. ஒண்ணை அகலப்படுத்துனா இன்னொண்ணு இடிக்கும். ஒரு எடத்தை விட்டுட்டாப் போச்சு, பெரிய நம்பர் அந்தச் சந்துக்குள்ள நுழையறப்ப தலை வெட்டுப்பட்டுரும். ஒவ்வொண்ணாத் தேடித்தேடி மாத்துனேன். ருக்கு, என்ற ஊட்டுக்காரி, சோத்தத் தட்டுல போட்டு கம்ப்யூட்டர் பக்கத்துலயே கொண்டாந்து வெச்சுட்டுப் போயிருவா. "ஏனுங்க, ஆறுதுங்க"ம்பா. அது ஆறிப்போயித்தான் கெடக்கும்.

முடிச்சேன். நூறு டெராவுக்கு ஓட்டிப் பாத்தேன், ஓடுச்சு. ஆயிரத்துக்கு ஓட்டிப் பாத்தேன், ஓடுச்சு. அவ்வளவு பெரிய டிஸ்க்கு எங்க இருந்துச்சுன்னு கேப்பீங்க. நெசமா வேண்டியதில்லீங்க. அதுக்குன்னு பொய் டிஸ்க்குன்னு ஒண்ணு பண்ணிக்கலாம். ஆயிரம் டெரா இருக்கற மாதிரி நடிக்கும், ஆனா கம்ப்யூட்டர்ல எடமே புடிக்காது. எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதான். அதுவும் எப்படி ஓடுச்சுங்கறீங்க! ஒரு டீ குடிக்கறதுக்குள்ள இருபது டெராவுக்கும் கல்லு நட்டு முடிச்சுரும். அந்த வேகம் எவனுக்கும் வராதுங்க.

எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் படிச்சுப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் உள்ள சேப்பாங்க. என்றத அந்த அம்மிணிகிட்டக் குடுத்துப்போட்டாங்க. வயசென்ன, என்ற மகளைவிட நாலஞ்சு மூத்தவ. படிச்சா. ரெண்டு நாள் படிச்சா. அப்புறம் என்ற மேசைக்கு வந்து நின்னுக்கிட்டு, அமைதியாத்தான் சொன்னா. "எல்லாம் நல்லாருக்குதுங்ணா. ஒண்ணே ஒண்ணுதான். பொய் டிஸ்க்குங்கறது எப்பவுமே புதுக் காடுங்ணா. ஏற்கெனவே கல்லு நட்டுப் பொழங்குன டிஸ்க்குல ஒருக்கா ஓட்டிப் பாருங்ணா. பழைய கல்லைப் புடுங்காமப் புதுக்கல்லு நட்டா, பின்னாடி எவனாச்சும் சரிபாக்க வந்தான்னா எதை நம்புவான்?"

அவ சொன்னதைச் சுத்தி இருந்த எல்லாருங் கேட்டாங்க. அதுதானுங்க எனக்குப் பொறுக்கலை. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாலும் நான் ஒத்துக்கிட்டு இருக்கமாட்டேன், அது வேற. ஆனா எல்லாருங் கேட்டாங்க. "அம்மிணி, அந்தக் காலத்துல இருந்து கல்லு நடறவன் நானு"ன்னேன். "செரிங்ணா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், நான் பாத்துக்கறேன்"னுட்டு, அவளே ஒரு துண்டு எழுதி என்றதுக்குள்ள சேத்துப்போட்டா. பழைய கல்லை எல்லாம் புடுங்கிட்டு அப்புறம்தான் புதுசு நடும். டீ குடிக்கறதுக்குள்ள முடிஞ்ச வேலைங்க, இப்ப டீக்கடைக்காரன் கடையச் சாத்திட்டு ஊட்டுக்கே போயிருவான். அவ்வளவு நேரம். என்ற வேகமே போச்சு.

அப்புறம் ஆயுத பூசை வந்துச்சு. எங்காபீஸ்ல நல்லாப் பண்ணுவாங்க. டிஸ்க்குக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சு, சர்வர் ரூம்பு வாசல்ல பூசணிக்காய் ஒடைப்போம். முதலாளி ஜெகதீசன் அன்னைக்கு ஒரு பொன்னாடை வாங்கிட்டு வந்திருந்தார். "நம்ம பெரிய டிஸ்க்கு வேலை வெற்றிகரமா முடிஞ்சிருக்குது"ன்னு ஆரம்பிச்சார். நான் சட்டையச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சு பாதி தூரம் வந்துட்டனுங்க. "கடைசி நேரத்துல நம்ம மானத்தைக் காப்பாத்துன சிவரஞ்சனி"ன்னு சொல்லி அங்க போத்துனார். நான் நட்ட நடுவுல நிக்கறேன். என்ன பண்றதுன்னு தெரியாம, பொரி எடுக்க வந்தவனாட்டத் தட்டைக் கையில எடுத்து, ஒவ்வொருத்தருக்கா பொரி குடுத்துட்டு வந்தேன். அவளுக்கும் குடுத்தேன். வாங்கிக்கிட்டா.

அப்புறம் என்ற மேசைக்கு வந்தா. அந்தப் பொன்னாடைய மடிச்சுக் கையில வெச்சிருந்தா. "இது உங்களுக்குத்தாங்ணா வந்திருக்கோணும். நான் ரெண்டு வரிதான் எழுதுனேன்"னு என்ற தோள்மேல போட வந்தா. பாருங்க திமிரை. ஊரே பாக்க ஒருக்கா போத்திக்கிட்டு, அதையே கழட்டி எனக்கு. "எனக்குக் குளுரலை அம்மிணி"ன்னுட்டேன். அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இவளை இதே எடத்துல, இதே பூசையில, எல்லார் முன்னாடியும் நிறுத்தோணும்னு.

எப்படின்னு கேளுங்க. அந்த அம்மிணி எழுதுன துண்டை மட்டும் எடுத்துப்போட்டு, என்ற டூலை மட்டும் தனியா ஒண்ணு பண்ணி வெச்சுக்கிட்டேன். தங்கராசு ஸ்டுடியோவுக்குப் போயி அவன் பொட்டியில அதை ஓட்டுனேன். ஒரு வருசம் நோகாம ஓடட்டும், அடுத்த ஆயுத பூசைக்குப் பொட்டியவே தூக்கிட்டுப் போயி முதலாளி முன்னாடி வெப்போம், "அம்மிணி கை வெக்காமயே ஓடுது பாருங்க"ன்னு சொல்லுவோம்னு நெனச்சேன். "பழைய கல்யாணமெல்லாம் அவங்கவங்களுக்குக் குடுத்தாச்சு மாமா, தாராளமா அழிச்சுக்குங்க"ன்னான் தங்கராசு. அந்த அம்மிணி கல்யாணமும் அதுல ஒண்ணுங்க. அதுக்கு முந்துன வருசம் அன்னூர் மண்டபத்துலதான் நடந்துச்சு. தங்கராசை ஏற்பாடு பண்ணி விட்டதே நாந்தான். அப்ப நல்லாத்தான இருந்தோம்.

ஓட்டுனேன். டீ குடிச்சு டம்ளரைக் கழுவி வெக்கறதுக்குள்ள இருபது டெராவும் காட்டுச்சு. தங்கராசு கண்ணு விரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் பந்தியில அவன் வாயத் தொறக்கறதில்லை.

என்னங்க? பழைய கல்லைப் புடுங்காமயான்னா? அட, நீங்களும் அவளாட்டவே கேக்கறீங்களே. நீங்க மல்லியப் பாருங்க, டிஸ்க்கை நான் பாத்துக்கறேன்.

தை மாசம் என்ற மக இந்துமதிக்குக் கல்யாணம். அதுலதான் ஒரு வெசனம். ருக்குவுக்குத் தொண்டையில கட்டி. கோயமுத்தூர்ல பெரிய டாக்டர்கிட்டக் காட்டுனோம். சீக்கிரமா ஆப்பரேசன் பண்ணோணும், ஆனா பண்ணுனா சத்தம் போயிரும், அப்புறம் பேச முடியாதுன்னு மொகத்துக்கு நேரா சொல்லிப்போட்டார். ருக்குதான் பேசுனா. "புள்ள கல்யாணம் முடியட்டுமுங்க. வர்ற சனத்தை வாங்கன்னு என்ற வாயால கூப்பிட்டுப்போட்டு வந்து படுத்துக்கறேன்"னா. டாக்டரும் ஒத்துக்கிட்டார்.

தங்கராசுக்கு அக்கா மேல உசிரு. கல்யாணத்தன்னைக்குப் பூராவும் அக்கா பின்னாடியே ஒரு கேமராவ விட்டுட்டான். அவ பேசப்பேச எடுத்தாங்க. மண்டப வாசல்ல நின்னு, "வாங்க, வாங்க, சாப்பிடாமப் போனா நான் அடுத்த விசேசத்துக்கு வரமாட்டேன்"ங்கறா. சமையக்காரரை வையறா. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்டச் சிரிக்கச் சிரிக்க நாயம் பேசறா. அத்தனை பேருக்கு நடுவுல மணவறையில இருந்து என்னைப் பாத்து, "ஏனுங்க, வேட்டி தரையில கூட்டுது, சித்தத் தூக்கிக் கட்டிக்கிட்டு வாங்க"ன்னா. மண்டபமே சிரிச்சுது. எனக்குக் கோவம் வந்து அவளை மொறைச்சேன். அதுவும் படத்துல வந்திருக்கும்.

கேமராவுல இருந்ததை எல்லாம் தங்கராசு பொட்டிக்கு மாத்துனான். கேமராக் கார்டை அழிச்சுட்டு அடுத்த நாளே வேற முகூர்த்தத்துக்கு ஓடிட்டான். தை மாசம் அவனுக்கு மூச்சு விட நேரமிருக்காதுங்க. "போட்டோ ஆல்பத்தை மட்டும் இப்பக் குடுத்துடறேன், வீடியோவ ஆடியில ஆறஅமர உக்காந்து வெட்டி ஒட்டித் தர்றேன், அக்கா பேசுனது ஒண்ணு விடாம வெக்கோணும்"னான். செரின்னோம். மாசியில ஆப்பரேசன் ஆச்சு. உசிருக்கு ஒண்ணுமில்லை. சத்தம் போச்சு.

இப்பத் தட்டறா. ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்லை. செவுத்துல, மேசையில, போன்ல, எதுல கெடைக்குதோ அதுல. மூணு தட்டுன்னா என்னைக் கூப்பிடறான்னு அர்த்தம். இந்த முப்பது வருசமா ஏனுங்கன்னுதான் கூப்பிட்டா, இப்ப அதுக்குப் பதிலா மூணு தட்டு. மொதல்ல எனக்குச் சங்கடமா இருந்துச்சு, அப்புறம் பழகிக்கிட்டேன். "ஆடி வந்தா உன்ற சத்தம் வந்துரும் ருக்கு"ம்பேன். ஒரு தட்டு தட்டிச் சிரிப்பா.

சித்திரையில கோடை மழை ஒண்ணு அடிச்சுது பாருங்க, உங்க பக்கமும் பேஞ்சிருக்கும். இடியோட இடியா அன்னூர்ல கரண்ட் போச்சு. தங்கராசு யூபிஎஸ்ஸுல பேட்டரி செத்துக் கெடந்திருக்குது. பொட்டி அப்படியே படக்குனு நின்னுருச்சு. அப்படி நின்னா, மறுபடி போடறப்ப சரிபாக்கற புரோகிராம் ஒண்ணு தானா ஓடும். சர்வேயர் வந்து எங்கெங்க கல்லு இருக்குதுன்னு பாத்து, அந்தந்தக் கல்லுக்கு அந்தந்த எடம்னு எழுதிட்டுப் போற மாதிரி வெச்சுக்குங்க. அது ஓடி முடிஞ்சுது. தங்கராசு போன் பண்றான். "மாமா, இந்து கல்யாணத்துல வேற ஆராரோ வர்றாங்க."

போயிப் பாத்தேன். ருக்கு படத்துல பாதியக் காணோம். இருக்கற பாதியும் ஓடுது, நிக்குது, கலர் கலராக் கோடு விழுகுது. அனாதையாக் கெடக்கற ஃபைலை எல்லாம் அந்தப் புரோகிராம் ஒரு பக்கம் கூட்டி வெக்கும். அதுல புளியம்பட்டிக் காதுகுத்து ஒண்ணு, எவரோ ஒருத்தர் அறுபதாங் கல்யாணம், எவனோ பழனியில மொட்டை அடிக்கறான், என்னென்னமோ கெடந்துச்சு, அதையெல்லாம் விடுங்க. ஒரு போட்டோவத் தொறக்கறேன். மணவறையில சிவரஞ்சனி. மாலையும் கழுத்துமா உக்காந்து என்னைப் பாத்துச் சிரிக்கறா. என்ற மக உக்காந்திருந்த எடத்துல.

இப்பச் சொல்லுங்க, எப்படி வந்தா? நான் அழிச்ச பொட்டி. நானே என்ற கையால அழிச்ச பொட்டி. அந்த அம்மிணிதானுங்க பண்ணியிருக்கறா. அவ துண்டை நான் எடுத்தது எப்படியோ தெரிஞ்சிருக்குது. உள்ள பூந்து ருக்கு படத்தைக் கலைச்சுப்போட்டு, அவ மொகத்தைக் கொண்டாந்து நட்டு வெச்சிருக்கறா. பொட்டிக்கு இன்டர்நெட்டே இல்லையேன்னான் தங்கராசு. இல்லைதான். நெறமாசமா ஆஸ்பத்திரியில கெடந்தாளேன்னா இந்து. கெடந்தா என்னங்க, ஆஸ்பத்திரிக்குள்ள லேப்டாப்பு போகாதுங்களா? மனசுல வஞ்சம் இருந்தா வழி கெடைக்குமுங்க. எனக்குத் தெரியாதா.

நீங்களும் அந்தக் கல்லையே புடிச்சுத் தொங்கறீங்களே. பழைய கல்லு பாட்டுக்கு அங்கதான இருந்துச்சும்பீங்க. இருந்துச்சுங்க. இருந்தா என்ன? எந்திரிச்சா வந்துச்சு?

அதுக்கப்புறம்தான் பெரிய கூத்து. இந்து எனக்குத் தெரியாம அந்த அம்மிணிக்கே போன் பண்ணிப்போட்டா. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறா, ருக்கு பக்கத்துல உக்காந்திருக்கறா, நான் சமையக்கட்டு வாசல்ல நிக்கறேன். அந்தப் பக்கம் குழந்தை அழுகுது. அதைத் தட்டிக்கிட்டே அந்த அம்மிணி சொல்றா. "அழாதீங்க இந்து. படம் எங்கயும் போகலை. கல்லுதான் மாறிக் கெடக்குது. முக்காவாசி எடுத்துரலாம். இனிமே அதுல ஒண்ணுமே எழுதாம, ஆஃப் பண்ணி உங்கப்பாகிட்ட அப்படியே குடுத்தனுப்புங்க. குட்டி தூங்கற நேரத்துல நான் உக்காந்து எடுத்துத் தர்றேன். அம்மா சத்தம் கெடைச்சுரும்." ருக்கு மேசையில ஒரு தட்டு தட்டுனா. அப்புறம் என்னையப் பாத்தா. இன்னொருக்கா ஒரு தட்டு.

செரின்னு தலையாட்டுனேன். வேற என்ன பண்றது? ஆனா நீங்க ரோசனை பண்ணிப் பாருங்க. அவ எடுத்துக் குடுத்துட்டான்னு வைங்க. அதுக்கப்புறம் என்ற ஊட்டு டிவியில அந்தப் படத்தைப் போடறப்பெல்லாம், ருக்கு என்னை ஏனுங்கன்னு கூப்பிடறப்பெல்லாம், அது அந்த அம்மிணி குடுத்த சத்தம். ஒறம்பரைக்கெல்லாம் இந்து சொல்லுவா, தங்கராசு பந்தியில உக்காந்து சொல்லுவான். ஆபீஸ்ல போத்துனது போதாதுன்னு என்ற ஊட்டுக்குள்ள வந்து அவளுக்குப் பொன்னாடை. நான் உசிரோட இருக்கற வரைக்கும் அதைப் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். விடுவனா?

அப்பத்தான் தோணுச்சு. பழைய கல்லைப் புடுங்கோணும் பழைய கல்லைப் புடுங்கோணும்னு கேட்டாளே, செரி, புடுங்கிக் காட்டலாம். தங்கராசுகிட்ட இருந்து பொட்டிய ஊட்டுக்குக் கொண்டாந்து, அவ எழுதுன அந்தத் துண்டையே எடுத்தேன். எடுத்து இன்னுங்கொஞ்சம் நீட்டுனேன். கல்லை மட்டும் இல்லீங்க, காடு பூராவும். மொத சைட்டுல இருந்து அந்தக் கடைசி நாலு டெரா வரைக்கும், ஒரு எடம் விடாம, சைபர், சைபர், சைபர். அவ சிரிச்ச போட்டோவும் போச்சு, காதுகுத்தும் போச்சு, எல்லாம் போச்சு. ஒரு நாளைக்கு மேல ஓடுச்சு. பொட்டி எங்க ஹால்ல உக்காந்துட்டுப் பச்சை லைட்டை மினுக்கிட்டே இருந்துச்சு. ருக்கு அது பக்கத்துல ஒரு வெளக்கைக் கொண்டாந்து பத்தவெச்சுக் கும்பிட்டா. நான் என்னமோ பத்திரம் பண்றேன்னு நெனச்சுட்டா.

இப்ப என்ன ஆகும்? பொட்டியக் கொண்டு போயி மரியாதையாக் குடுப்பேன். "அம்மிணி, நீ சொன்ன மாதிரியே கொண்டாந்திருக்கறேன்"ம்பேன். தொறப்பா. தேடுவா. வழவழன்னு வெறுங்காடு, ஒரு கல்லு இருக்காது. "என்னம்மிணி, எடுத்துத் தர்றேன்னயே"ன்னு கேப்பேன். அவ அம்மா, அவ ஊட்டுக்காரன் எல்லாரும் நிப்பாங்க. அன்னைக்கு எனக்கு எல்லாருங் கேட்டாங்கல்லங்க, இன்னைக்கு அவளுக்கு எல்லாருங் கேக்கட்டும். அது போதுமுங்க எனக்கு. சொக்காயக் குழந்தைக்குக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் புடிச்சுருவேன்.

என்னங்க? வேற எடத்துல காப்பி இருக்குதான்னா? அதான் சொன்னனே, கேமராக் கார்டுல இருந்ததை எல்லாம் தங்கராசு பொட்டிக்கு மாத்திட்டு... அதான் சொன்னனுங்களே. தை மாசம் அவனுக்கு மூச்சு விட நேரமிருக்காதுன்னு.

கார்டை அழிச்சுட்டான்னு சொன்னனுங்களே.

இருங்க, போனு. ருக்குதான். பேசமாட்டா, நாந்தான் பேசோணும். ம், சொல்லு ருக்கு. புளியம்பட்டி தாண்டியாச்சு. ஆமா, மடிமேலதான் வெச்சிருக்கறேன். இல்லையில்லை, ஆட்டமே இல்லை, பத்திரமாத்தான் இருக்குது. ம். சாப்பிட்டேன். குழந்தைக்குச் சொக்காய் வாங்கியாச்சு.

வெச்சிருவான்னு பாத்தா வெக்கமாட்டேங்கறா. தட்டறா. ஒண்ணுமில்லீங்க, ரெண்டுமில்லீங்க, மூணு. நிறுத்தறா, மறுபடியும் மூணு. கேக்குதுங்களா? இந்தாங்க, காதுல வெச்சுப் பாருங்க. என்னையக் கூப்பிடறா. நான் ஏன்னு கேக்கோணும், கேட்டாத்தான் அடுத்ததைத் தட்டுவா. சொல்லுன்னு சொல்லோணும். இவ்வளவு நேரம் பஸ்ஸு பூரா நாந்தானுங்க பேசிட்டு வந்தேன், இந்த ஒரு வார்த்தைய மட்டும் என்னால சொல்ல முடியலீங்க. நீங்க சித்தச் சொல்லிப்போடுங்க. வந்துட்டே இருக்கறார்னு மட்டும் சொல்லுங்க, போதும்.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? சத்தி இன்னும் வரலீங்களே. உக்காருங்க. கூடைய எதுக்குக் கையில தூக்கிட்டு நிக்கறீங்க, இதுமேலயே வெச்சுக்குங்க. பரவால்லீங்க. உள்ள ஒண்ணுமில்லீங்க.